'செங்கோட்டை'க்கு எத்தனை எழுத்து? நிரல்மொழிகளும் ஸ்ட்ரிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது செங்கோட்டையில். காய்கறி கமிஷன் கடைகளுக்கும் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கும் பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் தொழில். இந்தப் பக்கம் விவசாயிக்குத் தமிழில் சிட்டை, ஆரியங்காவு தாண்டிப் புனலூர், கொல்லம் என்று போகும் சரக்குக்கு மலையாளத்தில் பில். 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதற்கு முன்பு திருவிதாங்கூர்-கொச்சி, எங்கள் வீட்டுப் பழைய பத்திரமே மலையாளத்தில்தான் இருக்கிறது. ஆக ஒரே டேட்டாபேஸில் இரண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தென்காசி, கடையநல்லூர் பக்கம் கோடிங் படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஸ்ட்ரிங் பற்றித்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஸ்ட்ரிங் என்றால் எழுத்துகளின் வரிசைதானே? இதில் குழம்ப என்ன இருக்கிறது?

பாடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் 'எழுத்து' என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 'மி' என்பது நமக்கு ஓர் எழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லும். உலக மொழிகளின் குறிகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடுக்கு அது இரண்டு குறிகள்: 'ம' (எண் 2990), அப்புறம் இகரத்தின் கொக்கி (எண் 3007). இந்த எண்களைத்தான் கோட் பாயிண்ட் என்கிறோம். அதையே யூடிஎஃப்-8இல், அதாவது அந்த எண்களைப் பைட்டாக எழுதும் முறையில், டிஸ்கில் எழுதினால் ஒவ்வொரு கோட் பாயிண்டுக்கும் 3 பைட், மொத்தம் 6 பைட். ஆக, வாசிக்கிறவருக்கு 1, யூனிகோடுக்கு 2, டிஸ்குக்கு 6. சாதாரண ஆங்கிலத்தில் இந்த மூன்று எண்ணும் ஒன்றாகவே இருக்கும். அதனால்தான் பல மொழிகளை வடிவமைத்தவர்களுக்கு இந்த மூன்றும் வேறு வேறு என்பது ஆரம்பத்தில் கண்ணிலேயே படவில்லை, படாமல் போனதன் பலனை நாம் அனுபவிக்கிறோம்.

'செங்கோட்டை'யின் நீளம் ஒவ்வொரு மொழியிலும் வேறு வேறாக வருகிறதே, ஏன்?

செ, ங், கோ, ட், டை. விரல் விட்டு எண்ணினால் 5. பைத்தானிடம் நீளம் சொல்லும் 'லென்' கட்டளையைக் கேளுங்கள், 10 என்னும், அது கோட் பாயிண்டை எண்ணுகிறது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 10 என்றே சொல்லும், ஆனால் அவை எண்ணுவது வேறு, யூடிஎஃப்-16 என்ற இன்னொரு எழுதும் முறையின் 16 பிட் துண்டுகளை. தமிழின் வழக்கமான எழுத்துகள் ஒவ்வொரு கோட் பாயிண்டும் ஒரே துண்டில் அடங்கிவிடுவதால் எண் ஒத்துப்போகிறது. கோலாங்கும் ரஸ்ட்டும் 30 என்னும், அது பைட் கணக்கு. ஸ்விஃப்டும் எலிக்சரும் 5 என்னும்.

ஒரே சொல், மூன்று விடை, மூன்றுமே தவறில்லை. தவறு எங்கே என்றால், எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமலேயே 'நீளம்' என்ற ஒரே பெயரில் ஒரே ஒரு எண்ணை நம் கையில் கொடுப்பதில். என் வாதம் முழுவதும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. மனிதர் வாசிக்கும் உரைக்கு 'நீளம்' என்று ஒன்று கிடையாது. எத்தனை பைட், எத்தனை கோட் பாயிண்ட், எத்தனை எழுத்து என்று மூன்று தனித்தனிக் கேள்விகள் உண்டு, எதைக் கேட்கிறாய் என்று நிரலாளரைச் சொல்ல வைப்பது மொழியின் கடமை.

அப்படியானால் எப்போது எதைக் கேட்க வேண்டும்?

நெட்வொர்க்கில் அனுப்பவும் டிஸ்கில் இடம் ஒதுக்கவும் பைட். யூனிகோடு அட்டவணையோடு ஒப்பிடவும், ஒரு குறி எந்த மொழியைச் சேர்ந்தது என்று பார்க்கவும் கோட் பாயிண்ட். திரையில் காட்டுவது, வெட்டுவது, கர்சரை நகர்த்துவது, 'பெயர் 20 எழுத்துக்குள் இருக்கட்டும்' என்று கேட்பது எல்லாவற்றுக்கும் எழுத்து. எழுத்து என்று நான் சொல்வதை யூனிகோடு ஆட்கள் கிராஃபீம் கிளஸ்டர் என்பார்கள்.

எஸ்எம்எஸ் மட்டும் தனி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கிடைக்கும், தமிழில் அனுப்பினால் 70தான், நீண்டு பல துண்டானால் துண்டுக்கு 67. அந்த 70 நம் எழுத்தும் இல்லை, பைட்டும் இல்லை, 16 பிட் துண்டு. 'செங்கோட்டை' என்ற ஊர்ப் பெயர் மட்டுமே அதில் 10ஐத் தின்றுவிடும். விவசாயிக்கு 'இன்று உங்கள் சரக்கு இத்தனை மூட்டை, விலை இவ்வளவு' என்று செய்தி அனுப்பும் ஒருவர், எழுத்தை எண்ணிக்கொண்டு ஒரே செய்திதான் போகிறது என்று நினைத்திருந்தார், மாதக் கடைசியில் வந்த பில்லில் இரண்டு மடங்கு இருந்தது.

சி மொழியில் ஆரம்பித்து இத்தனை வருஷமாகியும் இது ஏன் சரியாகவில்லை?

சி மொழிக்கு ஸ்ட்ரிங் என்பது பூஜ்யத்தில் முடியும் பைட் வரிசை, அவ்வளவுதான். அப்புறம் 1991இல் யூனிகோடு வந்தது, தமிழ் முதல் பதிப்பிலேயே இருந்தது. உலகத்து எழுத்தெல்லாம் 16 பிட்டில், அதாவது 65,536 இடத்தில், அடங்கிவிடும் என்று அப்போது நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் ஜாவா ஒரு குறியை வைக்கும் தன் 'கேர்' வகையை 16 பிட் என்று நிர்ணயித்தது, ஜாவாஸ்கிரிப்டும் அதே வழியில் போனது. 1996இல் யூனிகோடு 2.0 அந்த வரம்பைத் தாண்டி இடம் திறந்துவிட்டது. மொழிகளோ ஏற்கெனவே ஊரெல்லாம் பரவிவிட்டன, திரும்பப் பெற முடியாது.

இது ஏதோ எமோஜிக்காரர்களின் தலைவலி, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12.0இல் 'தமிழ் சப்ளிமென்ட்' என்று ஒரு தனிப் பகுதி சேர்ந்தது. முந்திரி, காணி, மா போன்ற நம் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 குறிகள். அவை 65,536க்கு அப்பால் இருக்கின்றன. பழைய நிலக் கணக்கை டைப் செய்து ஜாவாஸ்கிரிப்டில் போட்டால் ஒரே ஒரு பின்னக் குறிக்கு நீளம் 2 என்று வரும், நடுவில் வெட்டினால் இரண்டு பாதியும் குப்பை. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் பழைய 'யூடிஎஃப்8' என்ற பெயருள்ள வகையும் குறிக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது, அந்த 51 குறிக்கும் 4 பைட் வேண்டும். 'யூடிஎஃப்8எம்பி4' என்பதைத்தான் வைக்க வேண்டும்.

ஸ்ட்ரிங்கை வெட்டுவதில் என்ன ஆபத்து?

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு லாரி ஆபீஸில் மூட்டைக்கு ஒட்டும் லேபிளில் ஊர்ப் பெயருக்கு 10 எழுத்து என்று இடம் விட்டிருந்தார்கள். 'பாவூர்சத்திரம்' 8 எழுத்துதானே, தாராளமாக அடங்கும் என்று நம்பி விட்டுவிட்டார்கள். ஆனால் நிரல் எண்ணியது கோட் பாயிண்டை, அந்தக் கணக்கில் அது 14. பத்தாவதில் வெட்டியது. லேபிளில் 'பாவூர்சத்த' என்று வந்தது. 'தி'யின் கொக்கி போய் 'த' ஆகிவிட்டது பாருங்கள், இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். எழுத்து குறைந்தால்கூட சரி, வேறு எழுத்தாக மாறுகிறது. எழுதியவர் எழுதாத ஒன்றை நிரல் எழுதிவிடுகிறது, எங்கும் ஒரு எரர் வராது.

பைட் கணக்கில் வெட்டினால் இன்னும் மோசம். 'செங்கோட்டை'யை 20 பைட்டில் நறுக்கினால் 'செங்கோ' வரைக்கும் 18, அடுத்த 'ட'வின் 3 பைட்டில் 2 மட்டும் தொங்கும், திரையில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் தெரியும். இதே வெட்டை ரஸ்ட்டில் செய்தால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கோலாங்கில் செய்தால் சத்தமில்லாமல் உடைந்த ஸ்ட்ரிங்கைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நிற்பதுதான் நல்லது. பாதி ராத்திரியில் லோடு ஏற்றும்போது நிரல் நின்றால் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் உடைந்த பெயர் டேட்டாபேஸுக்குள் போய் ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் அதை யார் திருத்துவது?

ஒரே பெயரைத் தேடினால் சில சமயம் கிடைக்கிறது, சில சமயம் கிடைக்கவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். என்ன மாயம்?

மாயம் இல்லை, 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வோடு ஓகாரக் குறியை ஒரே கோட் பாயிண்டாகப் போடலாம், அல்லது 'க', இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்றாகப் போடலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் இருக்காது. இரண்டாவது விதத்தில் எழுதிய 'செங்கோட்டை' 11 கோட் பாயிண்ட், 33 பைட். பழைய ஃபாண்டிலிருந்து மாற்றிய ஃபைல்களிலும், பழைய மேக் டிஸ்க்குகளில் இருந்து வந்த ஃபைல் பெயர்களிலும் இப்படிப் பிரித்து எழுதியது நிறைய கிடைக்கும்.

பைத்தானிலும் ஜாவாவிலும் இரண்டையும் சமமா என்று கேட்டால் இல்லை என்னும். ஒரு கமிஷன் கடையில் இதனால் ஒரே விவசாயிக்கு இரண்டு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றில் வரவு, மற்றதில் பாக்கி. அண்ணாச்சி நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். ஸ்விஃப்டில் இந்தப் பிரச்சினை வராது, அது சமம் பார்க்கும்போதே யூனிகோடு 'இவை இரண்டும் ஒன்று' என்று சொன்னதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். எல்லா மொழியும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வாசிக்கிறவருக்கு வேறுபாடே தெரியாத இரண்டு சொல்லை வேறு என்று சொல்வது, கணினி தன் உள்வீட்டு விஷயத்தை நம் தலையில் கட்டுவது.

அப்படியானால் உள்ளே வரும்போதே நார்மலைஸ் செய்துவிட்டால், அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால், எல்லாம் தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். கட்டாயம் செய்யுங்கள், என்எஃப்சி என்ற வகை போதும், பிரிந்து கிடக்கும் கொம்பும் காலும் சேர்ந்துவிடும். ஆனால் யூனிகோடே 'வேறு' என்று வைத்திருக்கும் சில ஜோடிகள் உண்டு, அவற்றை நார்மலைஸ் தொடாது. 'கௌசல்யா' என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் 'ள' என்ற முழு எழுத்தும் போட்டு டைப் செய்கிறவர்கள் ஏராளம், கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், ஆனால் கணினிக்கு அது 'கெளசல்யா'. அடுத்து 'ஸ்ரீ'. இதை 'ஸ'வில் ஆரம்பித்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் ஆரம்பித்தும் எழுதலாம், பல ஃபாண்டில் ஒரே உருவம். கோயில் நன்கொடை ரசீது போடும் சாஃப்ட்வேர் செய்கிறவர்கள் இதில் ஒரு தடவையாவது மாட்டாமல் இருக்க முடியாது.

இதையெல்லாம் மொழியின் சமக்குறிக்குள் திணிக்க வேண்டாம். 'ள'வும் ஔகாரத்தின் வால் பகுதியும் உண்மையிலேயே வேறு. தேடுவதற்கு என்று தனியாக ஒரு சாவி உண்டாக்கிக்கொள்ளுங்கள்: மூலப் பெயர் ஒரு நெடுவரிசையில், இந்த ஜோடிகளை எல்லாம் ஒன்றாக்கிய பெயர் இன்னொரு நெடுவரிசையில். பில்லில் மூலப் பெயர்தான் அச்சாக வேண்டும். அவர் பெயரை அவர் எப்படி எழுதினாரோ அப்படியே.

மலையாளத்திலும் இதே விதிகள்தானா?

இதைத்தான் எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 'கொல்லம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் கொ, ல், ல, ம் என்று 4 எழுத்து. மலையாளத்தில் இரட்டை 'ல்ல' கூட்டெழுத்தாகச் சேர்ந்துவிடும், கடைசி மகரம் சின்ன வட்டமாக அதோடு ஒட்டிக்கொள்ளும், ஆக வாசிக்கிறவர் கண்ணுக்கு 2 எழுத்துதான். யூனிகோடின் கிளஸ்டர் விதி பல காலம் இதை 3 என்று எண்ணியது. 2023 செப்டம்பரில் வந்த 15.1 பதிப்பு மலையாளம், தெலுங்கு, தேவநாகரி உள்ளிட்ட ஆறு எழுத்துமுறைகளுக்குக் கூட்டெழுத்தை ஒரே கிளஸ்டராக எடுக்கச் சொன்னது. அந்த ஆறில் தமிழ் இல்லை, இருக்கவும் கூடாது, நமக்கு 'ல்' தனி 'ல' தனி. இதன் விளைவு என்னவென்றால் அதே மலையாளப் பெயர், அதே நிரல், லைப்ரரியைப் புதுப்பித்ததும் நீளம் 3லிருந்து 2 ஆகிவிடும். எனவே எழுத்துக் கணக்கை டேட்டாபேஸில் சேமித்து வைக்காதீர்கள், தேவைப்படும்போது எண்ணுங்கள். ஒரு மொழி தான் எந்த யூனிகோடு பதிப்பில் ஓடுகிறது என்று கேட்டால் சொல்லவும் வேண்டும். பைத்தான் சொல்கிறது, நல்ல பழக்கம்.

இன்னொன்று சில்லெழுத்து. ராஜன், கோபாலன் என்று 'ன்' இல் முடியும் பெயர்கள் அங்கே எத்தனை! அந்த 'ன்'னுக்கு மலையாளத்தில் தனி வடிவம் உண்டு. 2008இல் யூனிகோடு 5.1 அதற்குத் தனிக் கோட் பாயிண்ட் கொடுத்தது. அதற்கு முன்பு 'ந', நம் புள்ளி போன்ற சந்திரக்கலை, அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று மூன்றாக எழுதினார்கள். இரண்டு விதமும் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது, நார்மலைஸ் இதை ஒன்றாக்காது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத குறி எதற்கு என்று 'சுத்தம்' செய்யும் நிரல் அந்த இணைப்பானைத் தூக்கிவிட்டால், 'அவன்' என்பது 'அவனுக்கு' என்று பொருள் மாறிவிடும். சும்மா சொல்லவில்லை, மலையாளத்தில் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசமே அதுதான். தெரியாத மொழியின் குறியை நீக்காதீர்கள்.

பெயர்களை வரிசைப்படுத்தினால் 'பள்ளி' முன்னாலும் 'பழம்' பின்னாலும் வருகிறதே?

கோட் பாயிண்ட் எண்ணை வைத்து வரிசைப்படுத்துகிறீர்கள். யூனிகோடில் 'ள' 2995, 'ழ' 2996. நம் நெடுங்கணக்கிலோ 'வ'வுக்குப் பிறகு ழ, ள, ற, ன என்றுதான் போகும், 'ன' கடைசி. யூனிகோடில் 'ன'வின் எண் 2985, அது 'ந'வுக்கும் 'ப'வுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. அதனால் 'மனோகரன்' 'மல்லிகா'வுக்கு முன்னால் வந்துவிடுவார். ஆய்த எழுத்தோ 'அ'வுக்கும் முன்னால் போய் நிற்கும். புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பெரியது என்பதால் 'அமுதா' முன்னால் வந்து 'அம்மா' பின்னால் போவார், அகராதியில் மெய்தான் முதலில் வர வேண்டும்.

தீர்வு இருக்கிறது. ஐசியு என்ற யூனிகோடு லைப்ரரியிலும், ஜாவாஸ்கிரிப்டில் மொழிவாரி வேலைகளுக்கான இன்டில் பகுதியிலும் தமிழ் என்று சொல்லி வரிசைப்படுத்தச் சொன்னால் ஒழுங்காகச் செய்யும். என் வருத்தம் என்னவென்றால், மொழியின் இயல்பான 'சார்ட்' இதைச் செய்யாது, செய்யவில்லை என்று சொல்லவும் சொல்லாது. உரையை வரிசைப்படுத்தச் சொன்னால் 'எந்த மொழி வரிசை?' என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

'எழுத்துகள் மட்டும்' என்று சோதிக்கும் இடத்தில் தமிழ்ப் பெயரை ஏன் ஏற்க மறுக்கிறது?

பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லிடம் இஸ்ஆல்ஃபா, அதாவது 'எல்லாம் எழுத்துதானா' என்று கேளுங்கள். பொய் என்று பதில் வரும். 'தமிழ்' எழுத்தால் ஆனதில்லையாம்! காரணம், இகரக் கொக்கியும் புள்ளியும் யூனிகோடில் 'எழுத்து' என்ற பிரிவில் இல்லை, 'குறி' என்ற பிரிவில் இருக்கின்றன. அதே காரணத்தால் பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (சுருக்கமாக ரெஜெக்ஸ், வடிவம் சொல்லி உரையில் தேடும் வசதி) மாட்யூலில் சொற்களைப் பொறுக்கச் சொன்னால் 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரண்டு சொல்லாக உடைந்து வரும். தமிழில் தேடல் வசதி செய்த எத்தனையோ பேர் இதில் முட்டியிருக்கிறார்கள். ரஸ்ட்டின் ரெஜெக்ஸ் லைப்ரரி குறிகளையும் சொல்லின் பகுதியாக எடுக்கிறது, அதுதான் யூனிகோடின் பரிந்துரையும். இதில் விசித்திரம், பைத்தானில் 'தமிழ்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம், அதை ஏற்கும். மொழிக்குள்ளேயே ஒரு கதவு திறந்தும் ஒரு கதவு பூட்டியும் இருக்கிறது.

கோலாங்கில் அந்தக் கதவும் பூட்டு. மாறியின் பெயரில் எழுத்துப் பிரிவும் இலக்கமும் மட்டுமே வரலாம் என்பது அதன் விதி. 'கட' என்று பெயர் வைக்கலாம், 'கடை' என்று வைக்க முடியாது. அதோடு ஒரு பெயரை வெளி பேக்கேஜுக்குத் தெரியச் செய்ய அதன் முதல் எழுத்து கேப்பிட்டலாக இருக்க வேண்டும், தமிழில் கேப்பிட்டல் ஏது? யூடிஎஃப்-8ஐ 1992இல் உருவாக்கிய கென் தாம்ப்ஸனும் ராப் பைக்கும் ராபர்ட் கிரீஸ்மரோடு சேர்ந்து செய்த மொழி அது. யூடிஎஃப்-8க்கு நாம் ரொம்பக் கடன்பட்டவர்கள், அது இல்லாவிட்டால் தமிழ் இணையத்தில் இவ்வளவு எளிதாக உலவியிருக்காது. அதே கைகள் செய்த மொழியில் 'கடை' என்று எழுத முடியாதது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லையே?

டேஸ்-16 என்ற குறியீடு அப்படித்தான் செய்தது. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடோடு சேர்த்து அதையும் தரமாக அறிவித்தது. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம், எண்ணுவது சுலபம், வரிசையும் நெடுங்கணக்குப்படி. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது, வெளி உலகத்து போன், பிரவுசர், தேடுபொறி எதுவும் அதைத் தமிழ் என்று அறியாது. என் வேலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, தமிழுக்கு மட்டும் சரிசெய்தால் அடுத்த வரியில் இருக்கும் மலையாளம் அப்படியே கிடக்கும். திருத்த வேண்டியது நிரல்மொழியை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பழைய பாமினி ஃபாண்டில் இருக்கும் கணக்குகளை என்ன செய்வது?

பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிந்தாலும் ஃபைலுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகள். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, மாற்றிய பிறகு நார்மலைஸ் செய்யுங்கள். இன்னொரு வகைக் குப்பையும் வரும்: தலையில் கோடு போட்ட லத்தீன் 'ஏ'வும் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாக வரி வரியாக நிற்கும். பயப்பட வேண்டாம், அது நல்ல யூடிஎஃப்-8 தமிழ்தான், யாரோ லத்தீன் என்று நினைத்துத் திறந்திருக்கிறார்கள். தமிழின் வழக்கமான எழுத்துகளில் ஒவ்வொரு கோட் பாயிண்டும் யூடிஎஃப்-8இல் 224 என்ற பைட்டில் ஆரம்பித்து 174 அல்லது 175 என்று தொடரும், அவைதான் அப்படித் தெரிகின்றன. பைட்டிலிருந்து ஸ்ட்ரிங் ஆக்கும் இடத்தில் எந்தக் குறியீடு என்று வெளிப்படையாகச் சொல்ல வைக்கும் மொழியே நல்ல மொழி. 2008இல் வந்த பைத்தான் 3 பைட் வேறு, ஸ்ட்ரிங் வேறு என்று கோடு கிழித்தது, அப்போது எல்லோரும் திட்டினார்கள், நான் அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

எழுத்து எழுத்தாக எண்ணினால் நிரல் மெதுவாகிவிடாதா?

ஆகும், கொஞ்சம். பெயர், முகவரி, சரக்கு விவரம் எல்லாம் முப்பது நாற்பது எழுத்து, அதை எண்ண ஆகும் நேரத்தை உங்களால் அளக்கக்கூட முடியாது. கோடிக்கணக்கான வரிகளை அலசும் வேலை என்றால் பைட்டிலேயே வேலை செய்யுங்கள். தேடுவது, பிரிப்பது இரண்டையும் யூடிஎஃப்-8இல் பைட் அளவிலேயே தைரியமாகச் செய்யலாம், ஒரு குறியின் நடுப்பைட்டை இன்னொரு குறியின் முதல் பைட் என்று குழப்பிக்கொள்ள அது இடம் கொடுக்காது.

'ஏழாவது எழுத்தைக் கொடு' என்று எண் போட்டு எடுக்க ரஸ்ட்டும் ஸ்விஃப்டும் விடுவதில்லையே, அது தொல்லை இல்லையா?

ஆரம்பத்தில் தொல்லையாகத்தான் இருந்தது. அப்புறம் நான் எழுதிய பழைய நிரல்களை எடுத்துப் பார்த்தேன். உரையில் ஏழாவது எழுத்து உண்மையிலேயே எங்கே தேவைப்பட்டது? எங்கும் இல்லை. 'கமாவுக்குப் பிறகு இருப்பது', 'முதல் எழுத்து', 'கடைசிச் சொல்' இவைதான் தேவைப்பட்டன. இன்ஷியல் எடுக்க ஸ்ட்ரிங்கின் முதல் இடத்தை எடுத்த நிரல்கள்தான் 'செல்வி' என்பவரின் இன்ஷியலை 'ச' என்று அச்சடித்தன. மறுப்பதன் மூலம் அந்த இரண்டு மொழியும் நம்மை யோசிக்க வைக்கின்றன.

தெர்மல் பிரிண்டரில் தமிழ் நெடுவரிசை கோணலாக வருகிறது. இடைவெளி போட்டு நிரப்பினாலும் சரியாகவில்லை.

ஆகாது. எத்தனை எழுத்து என்பது வேறு, எத்தனை அகலம் என்பது வேறு, 'ணை'யும் 'ர'வும் ஒரே அகலமா? அகலம் ஃபாண்டுக்குத்தான் தெரியும், மொழிக்குத் தெரியாது. பில் முழுவதையும் படமாக வரைந்து பிரிண்டருக்கு அனுப்புங்கள், ஓணம் சீசன் நெரிசலிலும் நான் அப்படித்தான் அனுப்புகிறேன், ஓடுகிறது.

கையில் இருப்பது பைத்தான்தான். நாளைக்கே என்ன செய்யலாம்?

உள்ளே வரும் உரையை வாசலிலேயே என்எஃப்சி ஆக்குங்கள். தனியாக நிறுவ வேண்டிய ரெஜெக்ஸ் மாட்யூலைப் போட்டு, அதில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த குறியால் எழுத்து எழுத்தாகப் பிரியுங்கள், தமிழ் மட்டும் போதும் என்றால் ஓப்பன்-தமிழ் லைப்ரரியும் எழுத்தாகப் பிரித்துத் தரும். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் இன்டிலில் செக்மென்டர் இருக்கிறது, 2024இல் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், இவை 'க்ஷ'வையும் 'ஸ்ரீ'யையும் இரண்டிரண்டாகப் பிரிக்கலாம், யூனிகோடின் பொது விதி அப்படித்தான் சொல்கிறது. வெட்டும்போது மட்டும் அதற்கு ஒரு வரி கூடுதலாக எழுதிக்கொள்ளுங்கள்.

சோதிக்க எந்தப் பெயர்களை வைத்திருக்கிறீர்கள்?

ஒவ்வொரு வேலையிலும் முதலில் ஓட்டிப் பார்ப்பது இவைதான்: செங்கோட்டை இரண்டு விதமாகவும், கௌசல்யாவை 'ள' போட்டும் போடாமலும், ஸ்ரீதர் இரண்டு 'ஸ்ரீ'யிலும், லக்ஷ்மி, அஃப்சல், பாவூர்சத்திரம், மலையாளத்தில் ராஜன் பழைய சில்லிலும் புதிய சில்லிலும், மலையாளத்தில் கொல்லம், ஒரு முந்திரிக் குறி, ஒரு எமோஜி. எல்லாவற்றையும் சேமித்து, தேடி, வரிசைப்படுத்தி, ஐந்து எழுத்தில் வெட்டி, பிரிண்ட் எடுத்துத் தாளில் படித்துப் பார்ப்பேன், மலையாள வரிகளைப் புனலூரில் இருக்கும் என் மாமா பையனுக்குப் படமெடுத்து அனுப்பி அவன் வாசித்துச் சரி என்ற பிறகுதான் கடையில் போய் நிறுவுவேன்.